பெஞ்சுக் கணக்கு

சென்னைத் தகவல் தொழில்நுட்ப ஸ்தாபனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

கிண்டி தொடங்கிச் சிறுசேரி வரையில் வரிசையாக எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளில், எந்த இளைஞனுக்கு அடுத்த மாதம் உத்தியோகம் கிடைக்கும், எந்த நடுவயதினருக்கு அது போய்விடும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை வகிப்பவர்கள் நீங்கள். அந்தத் தீர்மானங்களில் பலவற்றை நீங்களாக விரும்பிச் செய்வதில்லை என்பதையும், மேலே இருக்கும் நிதி அதிகாரியின் கணக்கும் கடல் கடந்து இருக்கும் க்ளையண்டின் நெருக்கடியும் சேர்ந்தே உங்களை எழுதவைக்கின்றன என்பதையும் நான் அறிவேன். ஆயினும், உத்தரவின் அடியில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதாகையால் இந்த மடலும் உங்கள் முகவரிக்கே வருகின்றது.

சமீப காலமாக உங்கள் ஆலோசனைக் கூட்டங்களில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே பேசப்படுகின்றன. ஒன்று, செயற்கை நுண்ணறிவு. மற்றொன்று, ‘ஃப்ளெக்ஸிபிள் டேலண்ட்’ என்று நீங்கள் அழைக்கும் ஏற்பாடு, அதாவது நிரந்தர ஊழியர்களின் தொகையைக் குறைத்துக்கொண்டு, வேண்டிய திறமையை வேண்டிய நாட்களுக்கு மட்டும் வெளியிலிருந்து தருவித்துக்கொள்ளும் முறை. யந்திரம் பாதி வேலையை முடித்துவிடும், மீதிப் பாதிக்கு அவ்வப்போது ஆளை அழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இவ்விரண்டும் கூடியபோது பிறந்திருக்கும் மனோரதம். யந்திரத்தைச் சபிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. சபித்தவர்களால் எந்த யந்திரமும் எந்தக் காலத்திலும் நின்றுவிடவும் இல்லை. நான் கேட்க வந்திருப்பது ஒரு கணக்கு. மாதச் சம்பளம் என்னும் பழைய ஏற்பாட்டினுள்ளே, ஒருவர் வேலை செய்த நேரத்துக்குரிய கூலியோடு, வேலைக்காகக் காத்திருந்த நேரத்துக்குரிய கூலியும், வேலையைக் கற்றுக்கொண்ட நேரத்துக்குரிய கூலியும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. புதிய ஏற்பாடு முதலாவதை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஏட்டிலிருந்து அடித்துவிடுகின்றது. ஏட்டிலிருந்து அடித்துவிட்டதனால் அந்தச் செலவுகள் இல்லாமற் போய்விடுவதில்லை. யாரோ சிலர் தலையில் அவை ஏறியிருக்கின்றன. அவர்கள் யார், அவர்களால் எத்தனை காலம் அதைத் தாங்க முடியும் என்பதே என் கேள்வி.

உங்கள் தொழிலில் இந்த இரு செலவுகளுக்கும் ஓர் இடம் இருந்தது; அதற்குப் பெஞ்ச் என்று பெயர். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரையில், க்ளையண்டுக்குப் பில் போட முடியாத ஊழியர், சம்பளம் குறையாமல் அங்கே அமர்ந்திருந்தார். கல்லூரியிலிருந்து நேரே வந்த ஃப்ரெஷர் அங்கேதான் ஜாவாவையும் டேட்டாபேஸையும் அப்பியாசம் செய்தார். பெஞ்சில் ஆள் இருந்தபடியால்தான், அடுத்த திங்கட்கிழமை இருபது பேர் வேண்டும் என்று க்ளையண்ட் கேட்டால், இதோ இருக்கிறார்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நேரடியாக ஜீவனம் தரும் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு, ஆங்கிலப் படிப்பும் மலிவான சம்பளமும் காரணங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் சம்பளம் கொடுக்கத் துணிந்த அந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பதைச் சொல்பவர் குறைவு.

அந்த இடம் இப்பொழுது குறுகி வருகின்றது. நாட்டின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்ப ஸ்தாபனமாகிய டி.சி.எஸ்., 2025 ஜூன் மாதத்திலிருந்து, ஒவ்வோர் ஊழியரும் ஆண்டில் 225 நாட்களேனும் பில் போடத்தக்க வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் இருக்கும் நாட்கள் 35-ஐத் தாண்டலாகாது என்று விதித்தது. அடுத்த மாதமே தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறமையும் தேவையும் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைமை அதிகாரி விளக்கம் கூறினார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்ட பிறகும், பொருந்தாத திறமையைப் பொருந்தும்படி செய்வதற்கென்று இருந்த கால அவகாசம் எங்கே போயிற்று என்ற கேள்வி மிஞ்சுகின்றது.

இந்த மனோரதத்தை முழு வேகத்தில் பரீட்சித்துப் பார்த்த ஒரு ஸ்தாபனத்தின் அநுபவம் நம் கண்முன் இருக்கின்றது. ஸ்வீடன் தேசத்தின் கிளார்னா என்னும் கடன்வசதி நிறுவனம், 2024-இன் தொடக்கத்தில், தன் யந்திர உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கவனித்ததாகவும், அது 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் பெருமிதத்தோடு அறிவித்தது. 2025 மே மாதத்தில் அதே ஸ்தாபனத்தின் தலைவர், செலவைக் குறைப்பதிலேயே கருத்தாயிருந்தபடியால் தரம் குறைந்துபோயிற்று என்று ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் விரும்பினால் மனிதரோடு பேசும் வசதி எப்பொழுதும் இருக்க வேண்டும் என்றார். மனிதர் திரும்ப வந்தார்கள்; ஆனால் பழைய ஆசனத்துக்கு வரவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் செயலியில் சேர்வதுபோல, வீட்டிலிருந்தபடியே, மாணவர்களும் கிராமப்புறத்தினரும் வேண்டும்போது வந்து வேலை செய்யும் ஏற்பாட்டில் அவர்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லப்பட்டது. யந்திரத்தால் மனிதரை விலக்க முடியவில்லை என்று இதைக் கேட்டு ஆறுதல் அடைபவர்கள், அந்த மனிதர் எந்த நிபந்தனையின் பேரில் திரும்பினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நெகிழ்வான வேலை முழுதும் தீமை என்று நான் சொல்லமாட்டேன்; சொன்னால் அது நியாயமாகாது. குழந்தை பிறந்து நான்கு ஆண்டுகள் வீட்டிலிருந்த ஒரு பெண்மணி, காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணி வரையில் மட்டும் டெஸ்டிங் வேலை செய்து, தன் பெயரைத் தொழிலில் மறுபடி நிலைநிறுத்திக்கொள்ள முடியுமானால் அது அவருக்கு வாழ்வு. அம்பாசமுத்திரத்தில் வயதான தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கும், சோழிங்கநல்லூர்ச் சந்திப்பின் நெரிசலை நாள்தோறும் தாங்க முடியாத உடல்நிலை உள்ளவருக்கும், இருபது ஆண்டு அநுபவத்தோடு தனக்குப் பிடித்த வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ள விரும்பும் நிபுணருக்கும் இந்த ஏற்பாடு உண்மையான சுதந்தரத்தையே அளிக்கின்றது. ஆனால் இந்த நெகிழ்வின் ஒரு முனை ஊழியர் கையிலும் மறுமுனை ஸ்தாபனத்தின் கையிலும் இருக்கின்றன. நாளைக்கு வேண்டாம் என்று ஊழியர் சொன்னால் அவருடைய மதிப்பெண் குறைகின்றது; அதே வார்த்தையை ஸ்தாபனம் சொன்னால் அதற்கு ஒரு குறையும் நேர்வதில்லை. வளைவது ஒரு பக்கம் மட்டுமே என்றால், அதைச் சுதந்தரம் என்று இரு பக்கத்தாரும் சேர்ந்து கொண்டாடுவது எப்படி?

காத்திருக்கும் நேரம் யாருடையது என்ற வழக்கு இன்று முளைத்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் துறைமுக வாயில்களில் நாள்தோறும் காலையில் கூலிக்காரர்கள் திரளாகக் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து சிலரைக் கைகாட்டி அழைத்துக்கொள்வார். ஏனையோர், அடுத்த கப்பல் வரக்கூடும் என்று நின்றுகொண்டிருப்பார்கள். அழைக்கப்பட்டவரும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலேயே கணக்குத் தீர்த்து அனுப்பப்படுவதுண்டு. 1889-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது அவர்கள், மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்பதோடு, ஒருவரை அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கேனும் வேலை கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலியின் அளவைப் பற்றிய கோரிக்கைக்கு அடுத்ததாகக் காலத்தின் உரிமையைப் பற்றிய கோரிக்கை வந்ததைக் கவனியுங்கள். பிரிட்டன் 1947-இல் துறைமுகத் தொழிலாளருக்கான தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற தொழிலாளி வாயிலுக்கு வந்து நின்று வேலை கிடைக்காமல் திரும்பினாலும், வந்ததற்கென்று ஒரு தொகை அவருக்கு உண்டு என்று ஏற்பட்டது. இந்தியாவிலும் 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, உங்கள் ஊரிலேயே இருக்கும் சென்னைத் துறைமுகத்திலும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. அந்த ஏற்பாடுகள் என்றென்றும் நிலைத்தன என்று சொல்லமாட்டேன். பிரிட்டனின் திட்டம் 1989-இல் ரத்தாயிற்று. எனினும், முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஏறியிறங்கும் ஒரு தொழிலில், காத்திருப்பின் செலவைத் தொழிலே ஏற்றுக்கொள்வது சாத்தியம் என்பதை அவை நாற்பது ஆண்டுக் காலம் நடத்திக் காட்டின.

நம் காலத்து நீதிமன்றங்களும் சட்டங்களும் அதே இடத்துக்கு மெள்ளத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர் தம் பகுதிக்குள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, அழைப்பை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. நியூயார்க் நகரம் 2023 டிசம்பர் முதல், உணவு கொண்டுசெல்லும் செயலித் தொழிலாளருக்கு, ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, மணிக்கு 17.96 டாலர் என்னும் குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் தங்கள் வருடாந்தர விற்பனையில் 1 முதல் 2 சதவீதம் வரையில் தொழிலாளர் நலனுக்கென்று செலுத்த வேண்டும் என்கின்றது. அது நல்ல தொடக்கம். ஆனால் விபத்து, நோய், முதுமை ஆகியவற்றுக்குத் துணை செய்யும் அந்த நிதி, காத்திருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமைக்குக் கூலி தருவதாகாது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கே நிலை இதுவென்றால், உங்கள் அழைப்பை எதிர்பார்த்து மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு இன்னும் யாரும் வழக்காட வரவில்லை.

காத்திருப்பைவிடக் கற்றலின் கணக்கு நுட்பமானது. ஆகையால் அதைக் கிட்டே சென்று பார்ப்போம். ஒரு வங்கியின் பரிவர்த்தனை அறிக்கையில், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் காலை ஐந்தரை மணிக்கும் இடையில் நடந்த வரவுகள் எல்லாம் முந்தைய நாள் தேதியில் பதிவாகின்றன என்று ஒரு டிக்கெட் வருகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெஷர் அதை யந்திரத்திடம் காட்டுகின்றார். யந்திரம், அந்த நேரத்துக்குரிய பதிவுகளுக்கு ஒரு நாளைக் கூட்டிவிடும்படி நான்கு வரி எழுதித் தருகின்றது. டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக நிற்கின்றன. கோட் ரிவ்யூவுக்கு வந்த சீனியர் அந்த நான்கு வரிகளைத் தொடாமல், “சர்வர் எந்த ஊர் மணியில் ஓடுதுன்னு பார்த்தியாப்பா?” என்று மட்டும் கேட்கின்றார். ஃப்ரெஷர் லாகைத் திறந்து பார்த்த பிறகுதான், சர்வர் கிரீனிச் மணியில் ஓடுகின்றது, இந்திய மணி அதற்கு ஐந்தரை மணி முந்தியது, ஆகவே குற்றம் தேதியைக் காட்டும் இடத்தில் இல்லை, மணியைச் சேமித்து எடுக்கும் இடத்தில் இருக்கின்றது என்பது விளங்குகின்றது. அந்த நான்கு வரிகளோடு விட்டிருந்தால், அதே பதிவுகளைப் படிக்கும் வேறு ஐந்து அறிக்கைகள் மாதக் கடைசியில் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போயிருக்கும். விடையை யந்திரமும் கொடுத்திருக்கலாம், கேட்கத் தெரிந்திருந்தால். கேட்கத் தெரிவதற்குத்தான் அந்த அரை மணி நேரம் தேவைப்பட்டது. அந்த அரை மணியை க்ளையண்டின் பில்லில் ஏற்ற முடியாது. இரண்டு நாளைக்கென்று வெளியிலிருந்து வந்த நிபுணருக்கு, பக்கத்திலிருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமையும் கிடையாது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இதிலே ஒரு விசித்திரம் இருக்கின்றது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து எரிக் பிரின்யோல்ஃப்ஸன் முதலிய பொருளாதார அறிஞர்கள் செய்து 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், யந்திரத்தின் துணையால் சராசரி உற்பத்தி 14 சதவீதம் உயர்ந்தது; புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் அந்த உயர்வு 34 சதவீதம்; கைதேர்ந்தவர்களுக்கோ மிகச் சொற்பம். இரண்டு மாத அநுபவம் உள்ளவர், யந்திரத்தின் துணையோடு, அது இல்லாத ஆறு மாத அநுபவஸ்தரைப்போல் வேலை செய்தார். அப்படியானால் புதியவரைச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட உகந்த காலம் கிடையாது என்றன்றோ தர்க்கம் சொல்லும்? நடப்பது நேர்மாறாக இருக்கின்றது. அதே பிரின்யோல்ஃப்ஸன் வேறு இருவரோடு சேர்ந்து 2025-இல் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் சரிந்திருப்பதைக் கண்டார். யந்திரம் எவரை மிகவும் உயர்த்த வல்லதோ அவரையே வாயிலில் நிறுத்திவிடுகின்றோம்.

அன்றியும், அந்த வாடிக்கையாளர் சேவை யந்திரத்துக்கு ஞானம் எங்கிருந்து வந்தது? கைதேர்ந்த ஊழியர்கள் கோபங்கொண்ட வாடிக்கையாளரை எவ்விதம் சாந்தப்படுத்தினார்கள், எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்ற பழைய உரையாடல்களைப் படித்தே அது தேறியது. அவர்களுடைய சாமர்த்தியம் புதியவர்களுக்குப் பங்கிடப்பட்டது; லாபம் ஸ்தாபனத்துக்குச் சென்றது; அவர்களுக்கென்று தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைய சீனியர்கள் ஓய்வு பெற்ற பின், பயிற்சி பெறாத தலைமுறையிலிருந்து யந்திரம் எதைக் கற்கும்? ஃப்ரெஷர் சேர்ப்பை நிறுத்திவிட்டு இந்த ஆண்டின் லாபத்தைக் காட்டுவது, விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு, இவ்வருஷம் அரிசி வாங்கும் செலவு மிச்சம் என்று கணக்கு எழுதுவதை ஒக்கும். யந்திரத்தின் வேகத்தைப் பற்றிய நம் மதிப்பீடும் அவ்வளவு நம்பத்தக்கதன்று. மெட்டர் என்னும் ஆராய்ச்சி அமைப்பு 2025-இல், தாங்கள் நெடுநாள் பழகிய மென்பொருள்களில் வேலை செய்யும் 16 அநுபவஸ்தர்களைச் சோதித்தபோது, யந்திரத்தைக் கைக்கொண்டபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ தங்கள் வேலை 20 சதவீதம் விரைவாக முடிந்ததாகவே எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை நம்பி ஆட்குறைப்புப் பட்டியல் எழுதினால் என்ன விளையும் என்பதை உங்கள் விவேகத்துக்கே விட்டுவிடுகின்றேன்.

யந்திரத்தின் லாபத்தைப் பங்கிடுவதற்கும் துறைமுகமே ஒரு முன்மாதிரி தருகின்றது. 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டபோது, ஒரு டன் சரக்கை ஏற்றுவதற்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகிவந்த செலவு, சுமார் 16 சென்ட்டாக இறங்கியது. கன்டெய்னர் வந்தால் தங்கள் தொழில் போகும் என்பதை அமெரிக்க மேற்குக் கரைத் தொழிலாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் 1960-இல் முதலாளிகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்: யந்திரம் தாராளமாக வரலாம், ஆனால் அதன் லாபத்திலிருந்து ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்கு வர வேண்டும், பதிவு பெற்றவர் எவரையும் அதன் காரணமாக வேலையிலிருந்து நீக்கலாகாது. கப்பல் கம்பெனிகள் இதனால் அழிந்துபோகவில்லை. மேற்குக் கரைத் துறைமுகங்கள் வளரவே செய்தன. அந்த உடன்படிக்கையில் ஒரு குறையும் உண்டு: முழுப் பதிவு பெறாத இரண்டாந்தரத்தினருக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. இன்றைய உங்கள் ‘ஃப்ளெக்ஸிபிள்’ ஊழியர்கள் அந்த இரண்டாந்தரத்தினரின் இடத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் அந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது மூன்று. முதலாவது, ஒருவரை அடுத்த வாரம் தயாராயிருங்கள் என்று சொல்லிவைத்தால், அந்த வார்த்தைக்கு ஒரு விலை வையுங்கள். அழைத்தால் முழுக் கூலி, அழைக்காவிட்டால் காத்திருப்புப் படி, கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் அதற்கொரு தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது, யந்திரத்தால் மிச்சமான மணிகளில் ஒரு பகுதியைக் கற்றலுக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும், க்ளையண்டுக்குப் பில் போடாத ஓர் ஆசனம் ஃப்ரெஷருக்கு இருக்கட்டும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சீனியரின் நேரம் அவருடைய அப்ரைசலில் ஏறட்டும். மூன்றாவது, ஊழியருடைய கோடையும் ரிவ்யூக் குறிப்புகளையும் உரையாடல்களையும் கொண்டு யந்திரத்தைப் பயிற்றினால், அதை அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதனால் வரும் லாபத்தில், அவர் நிரந்தர ஊழியராயினும் மூன்று மாத ஒப்பந்தக்காரராயினும், அவருக்கும் பங்கு கொடுங்கள்.

க்ளையண்ட் இதற்கெல்லாம் பணம் தரமாட்டார், அவர் யந்திரத்தின் மிச்சத்தையும் தமக்கே கேட்கின்றார் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், மணிக்கணக்கில் பில் போட்டுப் பழகிய தொழிலில், மணி குறையும்போது வருமானமும் குறைகின்றது. ஆனால் காத்திருப்பையும் கற்றலையும் ஏட்டில் காட்டாத வரையில், அவற்றுக்கு விலை கேட்கும் வழியும் உங்களுக்கு இல்லை. கிளார்னாவுக்குத் தரக்குறைவாக வந்து சேர்ந்த பாக்கி, ஆரம்பத்திலேயே ஏட்டில் எழுதாமல் விட்ட பாக்கிதான். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: மனிதவளம் முதலான பின்னணி அலுவல்களில் இருக்கும் சுமார் 26,000 இடங்களில் 30 சதவீதத்தை ஐந்தாண்டுகளில் யந்திரம் ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று 2023-இல் ஐ.பி.எம். தலைவர் அரவிந்த் கிருஷ்ணா கூறினார். இன்று நீங்கள் பிறருக்கு எழுதும் நிபந்தனைகளின் கீழ் நாளை நீங்களே வேலைக்குப் போக வேண்டியிருக்கலாம். அந்தக் கண்ணோடு ஒருமுறை அவற்றைப் படித்துப் பாருங்கள்.

ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால் உங்கள் ஸ்தாபனங்களில் அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் தயாராகும். அதில் சம்பளம், வாடகை, யந்திரச் சந்தா ஆகியவற்றோடு, காத்திருப்புக்கு ஒரு வரியும் கற்றலுக்கு ஒரு வரியும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றேன். அவ்விரண்டுக்கும் நேரே பூஜ்யம் என்றே எழுதுவதாக இருந்தாலும், அந்தப் பூஜ்யத்தை எல்லோரும் காணும்படி எழுதி, அதன் அடியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலத்தையும் தங்கள் ஊழியர் நலத்தையும் நாடும்
ஓர் எழுத்தாளன்